எந்தப் பாட்டியின் சூப்?

மழைநாள் இரவுகளில் பாஸ்தா சூப் வைப்பது நம் குடியிருப்பில் பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. குழந்தைகள் தகராறு செய்யாமல் சாப்பிடுகிறார்கள். வயதானவர்களுக்கு வயிற்றுக்கு லேசாக இருக்கிறது. ஒரே பாத்திரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. சமையல் வீடியோக்களில் இதற்கு வைக்கும் பெயர் பெரும்பாலும் ‘இத்தாலியப் பாட்டியின் சூப்’ என்பதுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பாட்டி, எந்த ஊர், எந்தக் காலம் என்று கொஞ்சம் துருவினால் கதை வேறு மாதிரி போகிறது. இத்தாலியின் பெரும்பகுதியில் நூற்றைம்பது வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு பாட்டியிடம் போய் தினமும் பாஸ்தா சூப் சாப்பிடுவீர்களா என்று கேட்டிருந்தால், கேலி செய்கிறோம் என்று நினைத்திருப்பாள்.

முதலில் பெயர். இத்தாலியர்கள் இந்த வகைச் சூப்பை ‘மினெஸ்ட்ரா’ என்கிறார்கள். பரிமாறுவது என்று பொருள்படும் ஒரு பழைய லத்தீன் வினைச்சொல்லிலிருந்து வந்தது. வீட்டில் யார் கையில் கரண்டி இருக்கிறதோ அவர் ஒவ்வொருவர் கிண்ணத்திலும் ஊற்றுவதுதான் மினெஸ்ட்ரா. இதையே காய்கறி, பயறு எல்லாம் போட்டுக் கெட்டியாகப் பெரிய அளவில் செய்தால் ‘மினெஸ்ட்ரோனே’, அதாவது ‘பெரிய மினெஸ்ட்ரா’. பாஸ்தாவும் பீன்ஸும் சேர்ந்தால் ‘பாஸ்தா எ ஃபஜோலி’. காய்ச்சலில் படுத்தவருக்கும் கைக்குழந்தைக்கும் தெளிந்த ரசம்போன்ற சாற்றில் பொடிப்பொடிப் பாஸ்தாவைப் போட்டுக் கொடுத்தால் ‘பாஸ்தீனா’. இத்தாலியில் ஒரு பழமொழி உண்டு: இந்த மினெஸ்ட்ராவைச் சாப்பிடு, இல்லையென்றால் ஜன்னலிலிருந்து குதி. வேறு வழியில்லை, கிடைத்ததை எடுத்துக்கொள் என்று அர்த்தம். ஆறுதல் தரும் உணவைப் பற்றி யாரும் இப்படிப் பழமொழி சொல்ல மாட்டார்கள். தட்டில் வேறு எதுவும் விழாத வீட்டில் பிறந்த பேச்சு அது.

சரி, அந்தக் கிண்ணத்தில் என்ன இருந்தது?

பீன்ஸ் இருந்தது. ஆனால் இன்று நாம் ராஜ்மா என்று வாங்குகிறோமே, அந்த இனம் கொலம்பஸுக்கு முன் இத்தாலியில் கிடையாது. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ராஜ்மாவும், இத்தாலியர்கள் சூப்பில் போடும் சிவப்புப் புள்ளி போட்ட போர்லோத்தி பீன்ஸும், வெள்ளையான கன்னெல்லீனி பீன்ஸும் தாவரவியலில் ஒரே இனம்தான். அதற்கு முன்னால் ரோமானியர் காலத்திலிருந்து அவர்கள் சாப்பிட்டுவந்தது நமக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு: காராமணி. நம் வீடுகளில் காரடையான் நோன்பு அடையில் போடுகிறோமே, அதே பயறின் கறுப்புக் கண் வகை. ரோம் நகரில் கொலோன்னா மாளிகையின் ஓவியக்கூடத்தில் அன்னிபாலே கர்ராச்சி என்ற ஓவியர் 1580-களில் தீட்டிய படம் ஒன்று இருக்கிறது. தொப்பி போட்ட உழைப்பாளி ஒருவன் மேஜையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகிறான். கரண்டியிலிருந்து சாறு சொட்டுகிறது. யாரோ தன்னைப் பார்ப்பதைக் கவனித்து நிமிர்ந்து பார்க்கிறான். பக்கத்தில் ரொட்டி, வெங்காயத் தாள். கிண்ணத்தில் இருப்பது காராமணி. அரசர்களையும் புனிதர்களையும் வரைந்துகொண்டிருந்த காலத்தில் சாப்பிடும் ஒரு சாதாரண மனிதனை யாராவது வரைந்தார்களே என்று எனக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு தனி மரியாதை.

புதிய பீன்ஸ் வந்த கதைக்கு வடகிழக்கு இத்தாலியில் ஒரு வழக்கு சொல்கிறார்கள். போப் ஏழாம் கிளமென்ட்டுக்கு வந்த விதைகளில் கொஞ்சத்தை பெல்லூனோ ஊரைச் சேர்ந்த பியெரியோ வலெரியானோ என்ற அறிஞர் பெற்று, 1530-களில் தன் மலைப்பகுதிக்குக் கொண்டுபோய் விதைத்தார் என்பது அது. அங்கே லாமோன் என்ற ஊரின் பீன்ஸ் இன்றும் சூப்புக்குப் பேர்போனது. காராமணியைவிட இது அதிகம் காய்த்தது, பருப்பும் பெரிதாக இருந்தது. இருநூறு வருடங்களுக்குள் பழைய பயறை ஓரம் தள்ளிவிட்டது. தக்காளியும் அதே கண்டத்திலிருந்துதான் வந்தது. ஆனால் சமையலறைக்குள் நுழைய அதற்கு இன்னும் அதிக காலம் ஆனது. பாஸ்தாவும் தக்காளியும் ஆதியிலிருந்தே ஜோடி என்று நாம் நினைப்பதெல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிக்கு இந்தப் பக்கம்தான்.

பாஸ்தாவுக்கு வருவோம். மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தார் என்ற கதையை இன்னும் பள்ளிப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர் ஊர் திரும்பியது 1295-இல். ஜெனோவா நகரில் 1279-இல் இறந்துபோன ஒருவரின் சொத்துப் பட்டியலை எழுதிய ஆவணத்தில் ‘ஒரு கூடை நிறைய மக்கரோனி’ என்று இருக்கிறது. சொத்தோடு சேர்த்துக் கணக்கு எழுதும் அளவுக்கு அதற்கு மதிப்பு இருந்தது என்பதையும் கவனியுங்கள். அதற்கும் முன்னால், 1154-இல், சிசிலியை ஆண்ட இரண்டாம் ரோஜர் மன்னருக்காக அல்-இத்ரீசி என்ற அரபுப் புவியியல் அறிஞர் எழுதிய நூலில் பலெர்மோவுக்கு அருகே திராபியா என்ற ஊர் வருகிறது. ஓடும் தண்ணீரில் சுழலும் மாவு ஆலைகள், ‘இத்ரியா’ என்ற நூல்போன்ற மாவுப் பண்டம், அதைக் கப்பல் கப்பலாக வெளிநாடுகளுக்கு அனுப்பும் வியாபாரம் என்று எல்லாம் சொல்கிறார். கிட்டத்தட்ட நம் சேமியா. உலர்ந்த பண்டம் என்பதால் கடலில் கெடாமல் போகும். ஆக, பாஸ்தா பிறந்த இடம் என்று பாட்டியின் அடுப்படியை மட்டும் சொல்ல முடியாது. துறைமுகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அது ஏழைகளின் கைக்கு எட்டியது நேப்பிள்ஸ் நகரில். பதினேழாம் நூற்றாண்டில் அங்கே ஜனத்தொகை பெருகி நெரிசலானது, இறைச்சி விலை ஏறியது. நேப்பிள்ஸ்காரர்களுக்கு அதுவரை மற்ற ஊர்க்காரர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘இலை தின்னிகள்’. முட்டைக்கோஸ் வகைக் கீரையையும் இறைச்சியையும் வேகவைத்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள். மாவைப் பிசையவும் அச்சில் அழுத்திப் பிழியவும் இயந்திரங்கள் வந்தபின் பாஸ்தா விலை இறங்கியது. நம் முறுக்குப் பிடியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, ஆட்கள் சேர்ந்து திருகுவதுபோல் கற்பனை செய்துகொள்ளுங்கள். பட்டப்பெயரும் ‘மக்கரோனி தின்னிகள்’ என்று மாறியது.

அங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் வருகிறது. அப்போது பாஸ்தா பாக்கெட்டில் வராது. கடைகளில் மர இழுப்பறைகளில் வகைவகையாகக் கொட்டி வைத்திருப்பார்கள், நிறுத்துக் கொடுப்பார்கள். அடியில் உடைசல் தங்கும்: நீளமானதின் முனை, சங்கு வடிவத்தின் பாதி, வளைந்ததின் துண்டு. நாள் கடைசியில் இவற்றை ஒன்றாகக் கொட்டி மலிவு விலைக்கு விற்பார்கள். நேப்பிள்ஸ் பேச்சில் இதற்கு ‘முன்னெட்ஸாலியா’ என்று பெயர். குப்பை என்ற சொல்லிலிருந்து வந்தது. நம்மூரில் நொய்யரிசி வாங்கிக் கஞ்சி வைத்ததுபோல, அங்கே இந்த உடைசலை வாங்கி பீன்ஸ் சூப்பில் போட்டார்கள். சிறியது சீக்கிரம் குழையும், பெரியது கொஞ்சம் கடிபடும். குழைந்தது சாற்றைக் கெட்டியாக்கும். இல்லாமையில் பிறந்த இந்தச் சேர்க்கைதான் நேப்பிள்ஸ் சூப்பின் ருசி. இன்று இத்தாலியில் பெரிய ஆலைகளே முழு வடிவங்களையும் துண்டுகளையும் வேண்டுமென்றே கலந்து ‘பாஸ்தா மிஸ்தா’ என்று அழகான பாக்கெட்டில் விற்கின்றன. குப்பைக்கு மரியாதை வந்துவிட்டது. விலையில் தள்ளுபடி மட்டும் போய்விட்டது.

வடக்கே நிலைமை வேறு. லொம்பார்தி, வெனேத்தோ பகுதி விவசாயக் கூலிகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஸ்தா பண்டிகைச் சாமான். அன்றாடம் சோளமாவுக் களி, அவர்கள் பேச்சில் ‘பொலெந்தா’. காலையில் களி, மதியம் களி, இரவிலும் களி. மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்தது, ஆனால் அதைச் சமைக்கும் முறை கூட வரவில்லை. மெக்சிகோ நாட்டு மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்த பிறகே அரைப்பார்கள். அப்படிச் செய்தால்தான் அதில் உள்ள நயாசின் என்ற வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ளும். இந்தப் பக்குவம் தெரியாமல் களியை மட்டுமே தின்றவர்களுக்குப் பெல்லாக்ரா நோய் வந்தது. தோல் வெடித்து உரியும், வயிற்றுப்போக்கு நிற்காது, கடைசியில் புத்தி பேதலிக்கும். 1881-இல் எடுத்த கணக்கில் இத்தாலியில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இந்த நோயாளிகள் இருந்தார்கள். வடக்கின் மனநோய் விடுதிகளில் பலர் இருந்தது இதனால்தான். 1877-இல் தொடங்கிய யாச்சினி விசாரணை என்ற நாடாளுமன்ற ஆய்வு, விவசாயக் குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன என்று பகுதி பகுதியாக எழுதி வைத்திருக்கிறது. கிண்ணத்தில் பீன்ஸும் கொஞ்சம் கோதுமைப் பாஸ்தாவும் விழுந்த வீட்டுக்கும் விழாத வீட்டுக்கும் இருந்த வித்தியாசம் நாக்கு ருசியோடு நிற்கவில்லை. கோதுமையில் குறைவாக உள்ள புரதக்கூறு பயறில் இருக்கிறது, பயறில் குறைவானது கோதுமையில் இருக்கிறது. நம் அரிசியும் பருப்பும்போலத்தான். அவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வழியில்லை. கிடைத்தவர்கள் பிழைத்தார்கள்.

இந்தச் சூப்பின் வரலாற்றில் ஒரு மனிதரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். பெல்லெக்ரினோ ஆர்த்தூசி. 1820-இல் ஃபோர்லிம்போபோலி என்ற சிறிய ஊரில் பிறந்த வியாபாரி. 1851 ஜனவரியில் ‘பஸ்ஸாத்தோரே’ என்று பேர்பெற்ற கொள்ளைக்காரன் தன் ஆட்களோடு அந்த ஊருக்குள் புகுந்து, நாடகக் கொட்டகையில் இருந்த ஊர்ப் பெரியவர்களைப் பிணையாக வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கொள்ளையடித்தான். ஆர்த்தூசி வீடும் தப்பவில்லை. அந்த அதிர்ச்சியில் அவருடைய தங்கை ஒருத்திக்கு மனநிலை பாதிக்கப்பட்டு மருத்துவ விடுதியில் சேர்க்க வேண்டியதாயிற்று. குடும்பம் ஊரைவிட்டு புளோரன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்து, சீக்கிரமே ஓய்வு பெற்று, கல்யாணம் செய்துகொள்ளாமல், இரண்டு வெள்ளைப் பூனைகளோடும் இரண்டு சமையல் உதவியாளர்களோடும் வாழ்ந்தார். எழுபதாவது வயதை ஒட்டி ஒரு சமையல் புத்தகம் எழுதினார். பதிப்பாளர் யாரும் ஏற்கவில்லை. 1891-இல் சொந்தச் செலவில் ஆயிரம் பிரதி அச்சடித்து, வீட்டிலிருந்தே தபாலில் விற்றார். ‘சமையலறையில் அறிவியலும் நன்றாகச் சாப்பிடும் கலையும்’ என்பது அதன் பெயர். முதல் பதிப்பில் 475 குறிப்புகள். 1911-இல் அவர் இறக்கும்போது 790. கூடுதலாக வந்தவற்றில் நிறைய, நாடெங்கிலுமிருந்து பெண்கள் கடிதத்தில் எழுதி அனுப்பியவை. அவர் தன் உதவியாளர்களைச் செய்துபார்க்கச் சொல்லி, ருசி சரியாக வந்தால் சேர்த்துக்கொள்வார். மரியெத்தா சபாத்தீனி, பிரான்செஸ்கோ ருஃபில்லி என்ற அந்த இரண்டு பேருக்கும்தான் புத்தக உரிமையை எழுதி வைத்துவிட்டுப் போனார். சமைத்தவர்களுக்கே வருமானம் என்பது அந்தக் காலத்தில் அபூர்வம். இந்தக் காலத்திலும்தான்.

அந்தப் புத்தகத்தில் மினெஸ்ட்ரோனே குறிப்பைத் தொடங்கும் முன் அவர் ஒரு கதை சொல்கிறார். 1855. கடல் குளியலுக்காக லிவோர்னோ துறைமுக ஊருக்குப் போகிறார். இத்தாலியில் அங்கங்கே காலரா தலைகாட்டிக்கொண்டிருந்த காலம். சனிக்கிழமை இரவு ஓர் உணவு விடுதியில் இன்று என்ன சூப் என்று கேட்கிறார். மினெஸ்ட்ரோனே என்கிறார்கள். சாப்பிடுகிறார். தங்குவதற்கு டொமெனிசி என்பவரின் வீட்டுக்குப் போகிறார். நடுராத்திரியில் வயிற்றைப் புரட்டி எடுக்கிறது. விடியும்வரை படாத பாடு. பாழாய்ப்போன இந்த மினெஸ்ட்ரோனேயை இனித் தொடுவேனா என்று சபித்துக்கொண்டே கிடக்கிறார். காலையில் துவண்ட உடம்போடு முதல் ரயிலைப் பிடித்து புளோரன்ஸுக்கு ஓடிவருகிறார். வந்ததும் தெளிந்துவிடுகிறது. திங்கட்கிழமை செய்தி வருகிறது: லிவோர்னோவில் காலரா பரவிவிட்டது, முதலில் செத்தவர்களில் ஒருவர் அந்த டொமெனிசி.

இவ்வளவு நேரம் சூப்பைத் திட்டிக்கொண்டிருந்தேனே என்று ஆர்த்தூசி தலையில் அடித்துக்கொள்கிறார். பிறகு அதே சூப்பைத் தன் வீட்டில் மூன்று முறை செய்து, ஒவ்வொரு முறையும் திருத்தி, தன் பக்குவத்தை எழுதிவைக்கிறார். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அவர் அதில் போட்டது அரிசி, பாஸ்தா இல்லை. அந்த நாட்டில் இந்தச் சூப்புக்கு ஒரே சூத்திரம் என்று எதுவும் இருந்ததில்லை.

இந்தக் கதையில் எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த ஆண்டும் அந்த ஊரும்தான் முக்கியம். ஆர்த்தூசி தப்பி ஓடிவந்த அதே புளோரன்ஸில், அதற்கு முந்தைய ஆண்டு, 1854-இல், பிலிப்போ பச்சீனி என்ற உடற்கூறு ஆசிரியர் காலராவில் இறந்தவர்களின் குடலை நுண்ணோக்கியில் பார்த்து, காற்புள்ளிபோல் வளைந்த கிருமி ஒன்றைக் கண்டு எழுதிவிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று பெரிய மருத்துவர்கள் உறுதியாக நம்பிய நேரம். அதே 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ ஒரு தெருவின் தண்ணீர்க் குழாயைச் சுட்டிக்காட்டினார். அங்கேயும் அரைமனதாகத்தான் கேட்டார்கள். முப்பது ஆண்டு கழித்து, 1884-இல், ஜெர்மனியின் ராபர்ட் கோக் நம் கல்கத்தாவுக்கு வந்து, ஜனங்கள் குளித்து, துவைத்து, குடிக்கவும் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குளத்து நீரில் அந்தக் கிருமியைக் காட்டிய பிறகுதான் உலகம் நம்பத் தொடங்கியது. பச்சீனி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோனார். 1965-இல்தான் அந்தக் கிருமியின் அதிகாரபூர்வமான பெயரோடு அவர் பெயரையும் 1854 என்ற ஆண்டையும் சேர்த்தார்கள்.

மணிக்கணக்கில் கொதித்த சூப்பில் காலராக் கிருமி உயிரோடு இருக்க முடியாது. சந்தேகப்பட வேண்டியது பக்கத்தில் இருந்த குடிதண்ணீரை, கழுவிய பாத்திரத்தை. ஆனால் மனிதன் கடைசியாக வாயில் போட்டதைத்தான் முதலில் திட்டுவான். நம் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே பிளாக்கில் நாலு குழந்தைகளுக்கு வாந்தி என்றால், முதல் கேள்வி ‘எந்தக் கடையில் ஆர்டர் பண்ணினீங்க’ என்பதுதான். சம்ப்பைக் கடைசியாக எப்போது கழுவினோம், கோடையில் வந்த டேங்கர் லாரித் தண்ணீரில் குளோரின் பார்த்தோமா என்ற கேள்விகள் பத்துப் பன்னிரண்டு செய்திகளுக்குப் பின்னால்தான் வரும். பராமரிப்புக் குழுவினர் இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆர்த்தூசியே அப்படித்தான் என்று சொல்ல வந்தேன்.

இனி மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1880-க்கும் 1920-க்கும் நடுவில் சுமார் நாற்பது லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலானோர் தெற்கத்தி ஏழைகள். ஊரில் எப்போதாவது சாப்பிட்ட பாஸ்தாவை அங்கே தினமும் வாங்க முடிந்தது. நேப்பிள்ஸ் பேச்சில் ‘பாஸ்தா எ ஃபசூலெ’ என்று சொன்னது அங்கே ‘பாஸ்தா ஃபசூல்’ ஆனது. ‘இத்தாலியப் பாட்டியின் சமையல்’ என்று உலகத்துக்குத் தெரிந்ததில் பாதி, வயிறு நிரம்பிய பிறகு அந்தப் பாட்டிகள் அமெரிக்க அடுப்பில் செய்தது. ஊரிலேயே தங்கியவர்களுக்கு இன்னொரு பஞ்ச காலம் காத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் 1941 அக்டோபர் முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 கிராம் ரொட்டிதான் ரேஷன். அடுத்த மார்ச்சில் அதுவும் 150 கிராமாகக் குறைந்தது. பாஸ்தாவும் ரேஷனில்தான். சூப்பில் தண்ணீர் கூடக் கூட, பாஸ்தாவை எண்ணிப் போட்ட காலம் அது. இத்தாலியில் பாஸ்தா எல்லா வீட்டிலும் அன்றாடச் சாப்பாடாக நிலைத்தது போருக்குப் பின் வந்த வளமான இருபது ஆண்டுகளில்தான். உலர்ந்த பாஸ்தாவை டியூரம் என்ற கெட்டிக் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது 1967-இல்.

பஞ்சத்தில் குடித்தது பின்னாளில் ஏக்கமாக மாறுவதற்குப் பாஸ்தீனா நல்ல உதாரணம். 2023 ஜனவரியில் ரொன்சோனி என்ற அமெரிக்க நிறுவனம் நட்சத்திர வடிவப் பொடிப் பாஸ்தாவைத் தயாரிப்பதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. செய்து கொடுத்துவந்த ஆலை கைவிட்டுவிட்டது என்பது காரணம். உடனே இத்தாலிய வம்சாவளியினர் நடுவில் பெரும் புலம்பல். எங்கள் அம்மா காய்ச்சலுக்குக் கொடுத்தது, பாட்டி முட்டை உடைத்து ஊற்றிக் கொடுத்தது என்று நரைத்த தலைகளெல்லாம் எழுதித் தள்ளினார்கள். நமக்கு மிளகு ரசம் சாதம் மாதிரி.

இவ்வளவு படித்துவிட்டு வெறுங்கையோடு போக வேண்டாம். நாலு பேருக்கு நான் வைக்கும் முறை இது. ராஜ்மா 200 கிராமை முதல்நாள் இரவே ஊறப்போடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் குழைய வேகவிடுங்கள். ராஜ்மாவை அரைவேக்காடாக மட்டும் சாப்பிடக் கூடாது. அதில் உள்ள ஒரு நச்சுப் பொருள் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். மெதுவாகச் சூடேறும் மின்சாரப் பாத்திரங்களில் நேராகப் போட்டு வேகவைப்பது ஆபத்து. வேறு பாத்திரத்தில் மூன்று மேஜைக்கரண்டி எண்ணெய், ஆலிவ் எண்ணெய் இருந்தால் நல்லது. பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயம், ஒரு கேரட், ஒரு செலரித் தண்டு. செலரி கிடைக்காவிட்டால் கொத்தமல்லித் தண்டு போடுங்கள், இத்தாலியர் யாரும் பார்க்கப் போவதில்லை. இதைச் சிறு தீயில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் வதக்க வேண்டும். நிறம் மாறக் கூடாது, வாசனை மட்டும் மாற வேண்டும். இது அவர்களுடைய தாளிதம். அவசரப்பட்டால் சூப்பில் ஒன்றும் இருக்காது. இரண்டு பல் பூண்டு, இரண்டு தக்காளி சேர்த்துச் சுருள வதக்கி, வெந்த பயறை அதன் தண்ணீரோடு ஊற்றுங்கள். பயறில் மூன்றில் ஒரு பங்கை மசித்துச் சேர்த்தால் கெட்டியாகும், கிரீம் எதுவும் தேவையில்லை. கொதித்ததும் 120 கிராம் சிறிய பாஸ்தா. அதைத் தனியாக வேகவைத்து வடிக்காதீர்கள். அந்த மாவுச் சத்து சூப்பில் இறங்கத்தான் இத்தனையும். வீட்டில் நாலைந்து பாக்கெட்டில் மிஞ்சிய பாஸ்தா இருந்தால் எல்லாவற்றையும் ஒரு துணியில் கட்டி உடைத்துக் கலந்து போடுங்கள். நேப்பிள்ஸ் முறை அதுதான். காராமணியில் செய்தால் கர்ராச்சி படத்துக் கிண்ணத்துக்கு இன்னும் பக்கத்தில் போவீர்கள், வேகும் நேரமும் குறையும்.

பார்மெசான் சீஸின் காய்ந்த ஓரத்தை எறியாமல் சூப்பில் போட்டுக் கொதிக்கவிடுவது இத்தாலிய வழக்கம். சைவம் கண்டிப்பாகப் பார்ப்பவர்கள் கவனிக்க: அசல் பார்மெசான் செய்யப் பாலை உறையவைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்கலாம், அல்லது விட்டுவிடலாம். பழைய ஏழை வீடுகளில் சீஸ் எல்லா நாளும் இருந்ததுமில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். வெனேத்தோ பக்கத்தில் இதை ஆவி பறக்கச் சாப்பிட மாட்டார்கள், வெதுவெதுப்பாகத்தான். மறுநாளுக்கு மிஞ்சினால் பாஸ்தா எல்லாத் தண்ணீரையும் குடித்துவிட்டு உப்புமாபோல் நிற்கும். அரை டம்ளர் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கிளறினால் பழைய பதத்துக்கு வந்துவிடும்.